கல் பாதைப் பந்தயமும், நான் தண்ணீர் ஊற்றச் சொன்ன சிறுமியும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வரலாறும் இருக்கிறது, நான் முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒரு விஷயமும் இருக்கிறது.

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரன் கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவன் ஓடி வந்தான். "தாத்தா, இங்க பாருங்க. நம்ம ஊர் ஓடைப் பாதை மாதிரி ரோட்டுல பந்தயம் விடுறாங்க." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு பக்கமும் வயல். நடுவில் மாட்டு வண்டி போகிற அகலத்துக்குக் கருங்கல் பாவிய பாதை. கல்லுக்குக் கல் இடைவெளி, நடுவில் புல், ஓரத்தில் சேறு. அதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் பறக்கிறார்கள். முகமெல்லாம் புழுதி. ஒருவன் விழுகிறான், எழுகிறான், மறுபடி ஏறுகிறான்.

அது பிரான்சு நாட்டின் பாரிஸ்–ரூபே பந்தயம். ஆண்டுதோறும் வசந்த காலத்தில், நமக்குப் பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நேரத்தில் நடக்கும். சுமார் 260 கிலோமீட்டர் தூரம். அதில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் இப்படிப்பட்ட கல் பாதை. "நல்ல ரோடு இருக்கும்போது ஏன் தாத்தா இதுல போறாங்க?" என்று பேரன் கேட்டான். வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் பதில் நீளும் என்பது அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

பாரிசுக்கு வடக்கே, பெல்ஜியம் எல்லையை ஒட்டி ரூபே என்று ஒரு நகரம். நம் கோயம்புத்தூர் மாதிரி நூற்பாலைகளும் நெசவாலைகளும் நிறைந்த ஊர். அங்கே ஆலை நடத்திய தியோடர் வியென், மோரிஸ் பெரே என்ற இருவர் 1895ஆம் ஆண்டு ஒரு சைக்கிள் பந்தய மைதானம் கட்டினார்கள். மைதானம் கட்டியாயிற்று, கூட்டம் வர வேண்டுமே! பாரிசிலிருந்து கிளம்பி நம் மைதானத்தில் முடிகிற மாதிரி ஒரு பந்தயம் வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். 'லெ வெலோ' என்ற விளையாட்டுப் பத்திரிகைக்கு எழுதினார்கள்.

பத்திரிகை, விக்டர் பிரேயர் என்ற தன் நிருபரைப் பாதை பார்த்துவர அனுப்பியது. அமியான் நகரம் வரை மோட்டார் காரில் போனவர், அங்கிருந்து சைக்கிளை எடுத்தார். மழை, குளிர், வழுக்கும் கல். சேறும் சகதியுமாக ரூபே வந்து சேர்ந்தவர், இந்தப் பாதையில் மனிதர்களை அனுப்புவது பாவம், பந்தயத்தைக் கைவிடுங்கள் என்று தந்தி கொடுக்கப்போவதாகச் சொன்னாராம். பிறகு சூடாகச் சாப்பிட்டார், ஊர்க்காரர்களோடு பேசினார், மனம் மாறிவிட்டது. அந்தத் தந்தி போகவே இல்லை.

1896 ஏப்ரல் 19ஆம் தேதி முதல் பந்தயம் நடந்தது. வென்றவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஜோசப் ஃபிஷர். மூன்றாவதாக வந்தவர் மோரிஸ் காரின். இத்தாலி மலைப்பகுதியில் பிறந்து, பிழைப்புக்காக பிரான்சு வந்து, சிறு வயதில் வீட்டுப் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். அடுத்த இரண்டு வருடமும், அதாவது 1897லும் 1898லும், அவர்தான் வெற்றி. 1903இல் முதல் 'டூர் டி பிரான்சு' பந்தயத்தையும் வென்றவர் இவரே. சைக்கிள் என்பது உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளின் வாகனமாக இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்புறம் முதல் உலகப்போர் வந்தது. நான்கு ஆண்டுகள் பந்தயம் இல்லை. 1909, 1910, 1911 என்று மூன்று முறை தொடர்ந்து வென்ற ஒக்தாவ் லபீஸ், போர் விமானியாகி 1917 ஜூலை 14 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டார். 1913இல் வென்ற ஃபிரான்சுவா ஃபாபேர், 1915 மே மாதம் அதே வட பிரான்சுப் போர்முனையில் மாண்டார்.

போர் முடிந்து 1919இல் பாதை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க யூஜின் கிறிஸ்டோஃப் என்ற வீரரும் பத்திரிகைக்காரர்களும் போனார்கள். ஊர் இல்லை, மரம் இல்லை, குண்டு விழுந்த குழிகளும் சிலுவைகளும்தான். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் 'வடக்கின் நரகம்'. கல் பாதையின் கொடுமையால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, போர் தந்த பெயர் அது.

1960களில் வேறு ஒரு ஆபத்து வந்தது. தொலைக்காட்சியில் பந்தயம் காட்டத் தொடங்கியதும், கல் பாதை உள்ள கிராமங்களுக்கு வெட்கமாகிவிட்டது. நம் ஊர் பின்தங்கிய ஊர் என்று நினைப்பார்களே என்று ஊர்த் தலைவர்கள் அவசர அவசரமாகத் தார் போட்டார்கள். பந்தயத்துக்குக் கல் பாதையே இல்லாமல் போகிற நிலை. அப்போது ஜான் ஸ்டாப்லின்ஸ்கி என்ற வீரர், ஆரன்பெர்க் காட்டுக்குள் ஒரு பழைய கல் பாதையைக் காட்டிக்கொடுத்தார். போலந்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. சிறுவனாக இருந்தபோது அந்தக் காட்டுக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1968 முதல் அந்தப் பாதை பந்தயத்தில் சேர்ந்தது. பாதைக்கு மேலே சைக்கிள் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். அதற்குக் கீழே கரி வெட்டியும், மேலே சைக்கிள் ஓட்டியும் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வார்கள்.

இன்று கதை தலைகீழ். மிச்சமிருக்கும் கற்களைக் காப்பாற்ற 1983 முதல் ஒரு நண்பர்கள் சங்கமே இருக்கிறது. வென்றவருக்குக் கொடுக்கும் பரிசே ஒரு பாவு கல்தான். 2024இல் ஆரன்பெர்க் பாதையில் முளைத்த புல்லை மேய ஆடுகளை விட்டார்கள். நம்மிடம் கேட்டிருந்தால் பத்துக் கிடை அனுப்பியிருப்போம்!

இந்த மாதிரிப் பாதையில் எப்படி ஓட்டுகிறார்கள் என்றும் பேரன் கேட்டான். அகலமான டயர், காற்று குறைவு. காற்றைக் கல்லு மாதிரி அடித்துவிட்டால் சக்கரம் கல்லின் மேல் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் பெடல் மிதிப்பது வீண். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு உருளும். ரொம்பக் குறைத்தால் ரிம் அடிபட்டு டியூப் கிழியும். இந்த ரகசியம் சரளை ரோட்டில் சைக்கிள் மிதித்த நம் போடிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இங்கேதான் என் கதை வருகிறது.

1983இல் இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தேன். மலையடிவாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. பெற்றோரில் பாதிப் பேர் மாந்தோப்பிலும் இலவந்தோப்பிலும் வேலை. மீதிப் பேர் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். அம்மாக்கள் பலர் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போவார்கள். பஸ் இறங்கும் இடத்திலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் சரளை ரோடு. ஒரு பழைய சைக்கிள் வாங்கி அதில்தான் போய்வந்தேன்.

பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம் வேண்டுமே என்று, ஒவ்வொரு பங்குனியிலும் முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு சைக்கிள் பந்தயம் வைப்பேன். போடி வாடகை சைக்கிள் கடையில் ஆறு வண்டி எடுத்து வருவோம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் தொடக்கம். சரளை ரோடு, களத்துமேடு, மாந்தோப்பு வண்டிப்பாதை, ஓடையில் இறங்கி ஏறி, மறுபடி வேப்பமரம். நாலு கிலோமீட்டர் இருக்கும். பாதிப் பயல்களுக்கு சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை விட்டு குரங்குப் பெடல்தான். ஓடையில் ஆறில் மூன்று வண்டி கவிழும். முதல் பரிசு எவர்சில்வர் டம்ளர். ஊரே திரண்டு வந்து பார்க்கும்.

ஏழு வருடம் நடத்தினேன். ஏழு வருடமும் ஓட்டியது பையன்கள் மட்டும். பெண் பிள்ளைகளுக்கு நான் கொடுத்த வேலை, ஓடைக்கரையில் குடத்தோடு நின்று, வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது.

1990 பங்குனி. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். பெயர் வேண்டாம். அண்ணனின் சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்து ஓட்டிக்கொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். வகுப்பிலும் கெட்டிக்காரி.

"சார், நானும் ஓட்டட்டா சார்?"

நான் சிரித்தேன். திட்டவில்லை, அடிக்கவில்லை, சிரித்தேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத்தா சைக்கிளு? போய்த் தண்ணி ஊத்துற எடத்துல நில்லுத்தா."

போய் நின்றாள். எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினாள். அந்த மே மாதத்தோடு அவள் படிப்பு முடிந்தது. உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர் தள்ளி. "அம்புட்டுத் தூரம் பொட்டப்புள்ளய எப்பிடி சார் நடக்கவிட?" என்றார் அவள் அப்பா. அவர் பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் அன்று எனக்குப் பட்டது. சைக்கிளில் அனுப்பலாமே என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. எப்படி வரும்? ஊர் முன்னால் சிரித்த வாய் அல்லவா?

அதற்கு இரண்டே வருடம் கழித்துத்தான் புதுக்கோட்டைச் செய்தி நம் எல்லோரையும் எட்டியது.

இளைஞர்களுக்கு இது தெரிந்திருக்காது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிக்கவரும் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுப்போம் என்று இயக்கத்தில் சேர்த்தவர் அவர். ஏன் சைக்கிள்? எழுதப் படிக்கக் கற்ற பெண் அடுத்த ஊருக்குப் போக அப்பனையோ அண்ணனையோ புருஷனையோ எதிர்பார்த்து நிற்க வேண்டுமென்றால், கற்றதில் பாதி வீண். இதுதான் கணக்கு.

கூலிப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிய தாய்மார்களும் உண்டு. கேலி இல்லாமல் இல்லை. கேவலமான பேச்சையும் கேட்டுக்கொண்டுதான் மிதித்தார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய் எழுதியிருக்கிறார். மாவட்டத்தில் ஒரு லட்சம் கிராமப்புறப் பெண்கள் கற்றார்கள் என்றும், அவர்களில் 70,000க்கு மேற்பட்டோர் ஊர் முன்னால் ஓட்டிக்காட்டும் போட்டிகளில் கலந்துகொண்டார்கள் என்றும் அவர் கணக்குச் சொல்கிறார். எழுபதாயிரம்! செம்மண் பாதையில், கண்மாய்க் கரையில், சரளை ரோட்டில். உலகத்தில் எந்தக் கல் பாதைப் பந்தயத்துக்கு இத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?

பலன் என்ன? தண்ணீர் தூரத்திலிருந்து எடுக்க முடிந்தது. விளைந்ததை ஒரு பஸ் நிறுத்தத்தில் மட்டும் விற்காமல் நாலு ஊருக்குக் கொண்டுபோக முடிந்தது. வேலை முடிந்து சீக்கிரம் வீடு திரும்ப முடிந்தது. ஆனால் அவரிடம் பேசிய பெண்கள் இதையெல்லாம் இரண்டாவதாகத்தான் சொன்னார்களாம். யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்ப முடிகிறதே, அதுதான் முதலாவது.

இப்போது பாரிஸ்–ரூபேக்குத் திரும்புவோம். அந்தப் பந்தயம் தொடங்கிய அதே 1896இல்தான், அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. அந்தோணி, பெண் விடுதலைக்கு சைக்கிள் செய்ததைப் போல வேறெதுவும் செய்யவில்லை என்ற கருத்தைச் சொன்னார். 1924இல் அல்ஃபோன்சினா ஸ்ட்ராடா என்ற இத்தாலியப் பெண், இத்தாலியைச் சுற்றிவரும் ஆண்களின் பந்தயத்தில் கலந்துகொண்டார். மொத்தம் 3,600 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். நடுவில் கைப்பிடி உடைந்தபோது விளக்குமாற்றுக் கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார் என்பார்கள். ஒருநாள் குறித்த நேரத்துக்குள் வந்து சேர முடியாததால் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனாலும் விடாமல் கடைசி நாள் வரை ஓட்டி முடித்தார். தொண்ணூறு பேர் கிளம்பியதில் ஆண்களில் முடித்தவர்கள் முப்பது பேர்தான். மறு வருடம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பாரிஸ்–ரூபேயில் பெண்களுக்கு எப்போது இடம் கிடைத்தது தெரியுமா? 2021இல். முதல் பந்தயம் நடந்து 125 ஆண்டு கழித்து! கொரோனாவால் அந்த வருடம் ஏப்ரலுக்குப் பதில் அக்டோபரில் நடந்தது. அக்டோபர் 2, நம் காந்தி ஜெயந்தி. மழை, சேறு. இங்கிலாந்தின் லிஸ்ஸி டெய்க்னன் 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாளாக ஓட்டி வென்றார். கைப்பிடியில் ரத்தம் ஒட்டியிருந்தது. பரிசுத் தொகை ஆணுக்கு 30,000 யூரோ, அவருக்கு 1,535 யூரோ. படித்தபோது என் எவர்சில்வர் டம்ளரும், தண்ணீர்க் குடமும்தான் ஞாபகம் வந்தன.

ஆக, பிரான்சு 125 ஆண்டு எடுத்துக்கொண்டது. புதுக்கோட்டைப் பெண்கள் அதற்கு 29 ஆண்டு முன்பே ஓட்டிக் காட்டிவிட்டார்கள். இதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் எனக்குத் தனிப்பட்ட முறையில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நம் மாநில அரசு 2001–02இல் பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிராமங்களில்தான் பலன் அதிகம். என் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் இடையே ஆறு கிலோமீட்டர். அந்தக் கணக்கைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2012 என்று நினைவு. ஒரு விடியற்காலை போடியில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் ஒரு குரல். "சார், நல்லாருக்கீங்களா?" அவள்தான். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. மகள் பதினொன்றாவது படிக்கிறாளாம். போன மாதம்தான் பள்ளியில் சைக்கிள் கொடுத்தார்களாம்.

"நல்லா ஓட்டுறாளா?" என்றேன்.

"அவ ஓட்டுறா சார். ஆனா வீட்டுக்கு வந்தன்னைக்கி மொதல்ல நாந்தேன் ஓட்டுனேன்" என்றாள். சிரித்தாள். ஜீப் கிளம்பிவிட்டது.

அவளுக்கு அந்தப் பங்குனி ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. இப்போது அந்த ஓடைப் பாதையில் பாலம் வந்துவிட்டது, தார் போட்டாயிற்று. நல்லதுதான். பிள்ளைகள் நடக்கிற பாதை நன்றாகத்தான் இருக்க வேண்டும். பிரான்சுக்காரர்கள் மாதிரி கல்லைக் காப்பாற்ற நமக்கு அவசியமில்லை.

பேரன் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். மோசமான பாதையில் பந்தயம் வைப்பது, அதைத் தாண்டியவனின் உறுதியை ஊர் பார்க்கட்டும் என்று. அந்த உறுதிக்குக் கைதட்ட வேண்டியதுதான். ஆனால் கைதட்டும்போது ஓரத்தில் குடத்தோடு நிற்பது யார், ஏன் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். பந்தயம் நடத்துகிறவன் கட்டாயம் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

இந்தப் பதிவை அவள் படிக்க வாய்ப்பில்லை. அவள் மகள் படிக்கலாம். படித்தால், அம்மாவிடம் சொல்லம்மா: சார் அன்றைக்குச் சிரித்தது தப்பு என்று.

வேலையில் இருக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளையாட்டு விழாவுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும்போது, தண்ணீர் ஊற்ற யாரை நிறுத்துகிறோம் என்ற பட்டியலையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

சரளை ரோட்டில் சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். யார் கற்றுக்கொடுத்தது, யார் தடுத்தது, முதல் நாள் எங்கே விழுந்தீர்கள் என்று எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார், போடி.